புள்ளி எடுப்பது எப்படி

சொறிக்கல்முனையில் இருந்துகொண்டு இருட்டறை வைத்துக் கறுப்பு வெள்ளைப் படம் போட்டு, அதில் விழும் தூசுப் புள்ளிகளைத் தூரிகையால் தானே எடுத்துவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்கு என்னுடைய முதல் யோசனை, வேண்டாம் என்பதுதான். கைபேசியில் எடுத்துக்கொண்டு, கிட்டங்கி தாம்போதியைக் கடந்து கல்முனைக்குப் போய், கலர் லாப்பில் கொடுத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்து முடிப்பதற்குள் படம் கைக்கு வந்துவிடும். இந்த யோசனையை இதுவரை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆகவே மிச்சத்தையும் எழுதுகிறேன்.

முதலில் தூசு வேண்டும். தூசு இல்லாத ஊரில் புள்ளி எடுக்கும் டச்சிங்காரர் பட்டினி கிடப்பார். நம்முடைய பக்கத்தில் அந்தப் பயம் இல்லை. கச்சான் பிறந்துவிட்டால் மேற்கே வயல்வெளியில் கிடக்கும் மண் எல்லாம் எழும்பி வீட்டுக்குள் வந்து குடியிருக்கும். சிறுபோக வெட்டுக் காலத்தில் காற்று சும்மா வராது. சம்மாந்துறை, நாவிதன்வெளி வயல்களில் சூடடிக்கும் மெஷின் கக்குகிற பதரையும் சுணையையும் கூட்டிக்கொண்டு வரும். மருதமுனை, சாய்ந்தமருது பக்கத்துக் கடலோர ஊர்களுக்கு மணலும் உப்பும் தனிக் கொடுப்பனவு. மாரி வந்தால் தூசு அடங்கும் என்று நம்பியிருக்காதீர்கள். தூசு அடங்கும், பூஞ்சணம் எழும்பும். தாம்போதிக்கு மேலால் வெள்ளம் பாய்ந்தால் மருந்து வாங்கக் கல்முனைக்குப் போக வழியும் இராது.

சேகரிக்கும் முறை எளிது. கழுவிய பிலிமைக் கொடியில் உடுப்புக் கவ்வியால் தொங்கவிட்டு, யன்னல்களை அகலத் திறந்து, மின்விசிறியை முழு வேகத்தில் விடுங்கள். பிலிமின் நனைந்த ஜெலட்டின் நல்ல பசை. அதில் வந்து குந்திய துகள் காய்ந்த பிறகு ஊதினாலும் போகாது, துடைத்தாலும் போகாது; துடைத்தால் கூடவே ஒரு கோடும் கிடைக்கும். இதற்கு மாறாக நடக்கும் சோம்பேறிகளும் இருக்கிறார்கள். குளியலறைச் சுவரிலும் நிலத்திலும் நாலு வாளி தண்ணீரை அடித்துத் தூசைப் படுக்கவைத்துவிட்டு, அங்கே பிலிமைத் தொங்கவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். கிணற்றுத் தண்ணீர் உவர் என்றால் கடைசி அலசலை மட்டும் மழைத் தண்ணீரில் செய்வார்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு நீர்த்துளியும் காய்ந்த இடத்தில் உப்பு வட்டம் போடும். என்லாஜரில் வைக்குமுன் நெகடிவை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, ஒட்டகமயிர்த் தூரிகையால் ஒருமுறை தட்டியும் விடுவார்கள். அவர்களுக்குப் பிறகு எடுப்பதற்குப் புள்ளியே இராது. இந்தக் கையேடு அவர்களுக்கல்ல.

டெவலப்பர் 20 பாகை செல்சியஸில் இருக்க வேண்டும் என்று டப்பாவில் அச்சிட்டிருக்கும். அதை எழுதியவர் சித்திரை மாதத்தில் கல்முனைக்கு வந்தவரல்லர். மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸில் ஒரு துண்டு வாங்கி ட்ரேயைச் சுற்றி வையுங்கள். ட்ரேக்குள் அல்ல. சூடான கரைசலில் ஜெலட்டின் இளகும், இளகியதில் நகம் பட்டாலே போதும், மாப்பிள்ளையின் கன்னத்தில் வாள் வெட்டு.

இனிக் கொஞ்சம் கணக்கு. 35 மில்லிமீற்றர் பிலிமில் ஒரு படம் 24க்கு 36 மில்லிமீற்றர். அதை எட்டுக்குப் பத்து அங்குலத்துக்குப் பெருப்பித்தால் எல்லாமே எட்டு மடங்களவு பெருக்கும். நெகடிவில் பத்தில் ஒரு மில்லிமீற்றர் உள்ள சுணை, மணப்பெண்ணின் கன்னத்தில் முக்கால் மில்லிமீற்றருக்கு மேல் வந்து நிற்கும். பழைய காலத்துக் கண்ணாடித் தகட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. தகட்டின் அளவிலேயே படம் போட்டார்கள், தூசு தூசாகவே இருந்தது. கண்டென்சர் வைத்த என்லாஜர் ஒவ்வொரு துகளையும் கூர்மையாகக் காட்டிக்கொடுக்கும். ஒளியைப் பரப்பிவிடுகிற வகை என்றால் கொஞ்சம் மூடி மறைக்கும். நெகடிவைத் தட்டையாகப் பிடிக்கட்டும் என்று கண்ணாடித் தட்டுக்குள் வைப்பவர்கள், தூசு குந்துவதற்கு இன்னும் நாலு முகங்களைத் தயார் செய்து கொடுக்கிறார்கள்.

புள்ளிகளில் வெள்ளை என்றும் கறுப்பு என்றும் இரு சாதி. நெகடிவின் மேல் குந்திய தூசு என்லாஜர் வெளிச்சத்தை மறிக்கும்; அந்த இடத்துத் தாள் வெளிச்சம் காணாமல் வெள்ளையாக நிற்கும். இது நல்ல சாதி, சாயம் வைத்தால் அடங்கிவிடும். படம் எடுக்கும்போதே கமராவுக்குள் பிலிமின் மேல் தூசு இருந்தாலோ, டெவலப்பரில் காற்றுக் குமிழி ஒட்டியிருந்தாலோ, நெகடிவில் அந்த இடம் வெறுமையாகிவிடும். வெறுமைக்குள்ளால் வெளிச்சம் முழுதாகப் பாய்ந்து தாளில் கறுப்புப் புள்ளி விழும். மருந்துப் பக்கத்தில் கீறினாலும் கறுப்புக் கோடுதான். பிலிமின் முதுகுப் பக்கத்தில் கீறியிருந்தால் மட்டும் ஓர் அருமருந்து உண்டு: மூக்கின் ஓரத்தைச் சுட்டுவிரலால் ஒருமுறை வழித்து, அந்த எண்ணெயைக் கீறலில் மெல்லப் பூசிவிடுங்கள். எண்ணெய் பள்ளத்தை நிரப்பும், வெளிச்சம் சிதறாமல் நேரே போகும், கோடு மறைந்துவிடும். உலகம் முழுக்க இருட்டறைக்காரர்கள் செய்கிற வேலை இது. வாடிக்கையாளர் பார்க்கும்போது செய்யாதீர்கள்.

தூரிகை வாங்கப் போனால் கடையில் இருப்பதிலேயே மெல்லியதைக் கேளுங்கள் என்று ஒரு சாரார் சொல்லுவார்கள். அதைவிட நல்ல வழி, பிள்ளையின் பள்ளிக்கூடத் தூரிகையை எடுத்து மூன்று மயிர் மட்டும் விட்டு மிச்சத்தைப் பிளேட்டால் வெட்டிவிடுவது. சாயம் தாளுக்கு வந்து சேருமுன் வழியிலேயே காய்ந்துவிடும். அன்று முழுவதும் ஒரு சேதமும் நடக்காது. வேலை நடக்கத்தான் வேண்டும் என்றால் மெல்லிய தூரிகை தேவையில்லை, கூரான தூரிகை தேவை. வயிறு கொஞ்சம் பருத்து, நுனி ஒற்றை மயிராகக் கூடுகிற நல்ல சேபிள் தூரிகை. வயிற்றில் சாயம் தங்கும், நுனியால் இறங்கும்.

சாயத்துக்குப் பெயர்பெற்றது ஸ்பொட்டோன். அமெரிக்காவில் செய்தது, இப்போது செய்வதில்லை. பழைய போத்தல் எங்கேயாவது கிடந்தால் விலை பேசாமல் வாங்குங்கள். அது தாளின் ஜெலட்டினுக்குள் ஊறி இறங்கும், மேலே தங்காது. அதற்குப் பதிலாக இந்தியன் இங்கைத் தொட்டு வைத்தால் அது தாளின் மேலேயே குந்திக்கொள்ளும். நேரே பார்த்தால் படம் சுத்தம், சாய்த்துப் பார்த்தால் முகம் முழுக்கத் தார்த் துளி. கறுப்பிலும் குடும்பங்கள் உண்டு. ஒரு தாளின் கறுப்பு நீலம் பாய்ந்தது, இன்னொன்றின் கறுப்பு கபிலம் பாய்ந்தது. கபிலத் தாளில் நீலக் கறுப்பை வைத்தால் சிராய்ப்புக் காயம் தெரியும். படத்தின் வெள்ளை ஓரத்திலோ, வீணாகிப்போன பிரிண்ட் ஒன்றிலோ வைத்துப் பார்த்துவிட்டுத்தான் முகத்துக்குப் போக வேண்டும்.

தூரிகையை நனைப்பதற்கு வாயைவிட நல்ல பாத்திரம் இல்லை என்பது பழைய ஸ்டூடியோக்காரர்களின் துணிபு. நாக்கில் ஒருமுறை, சாயத்தில் ஒருமுறை, உதட்டில் ஒருமுறை. உமிழ்நீர் வெறும் தண்ணீரைவிடத் தாளில் இதமாக ஒட்டும், உருண்டு ஓடாது, நுனியும் கூராகும். மாலையில் நாக்கைப் பார்த்தாலே அன்று எத்தனை கலியாணம் என்று சொல்லிவிடலாம். சிக்கல் நோன்பு மாதத்தில்தான். சாயம் தொட்ட தூரிகையை நக்கினால் நோன்பு முறியுமா என்ற கேள்வியை ஆலிமிடம் கொண்டுபோகாதீர்கள். அவர் உங்களைப் பார்க்கும் பார்வையே போதும். சிரட்டையில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது எல்லாப் புள்ளியையும் நோன்பு திறந்து கஞ்சி குடித்த பிறகு எடுங்கள். தராவீஹுக்குப் போகிறவரை கொஞ்ச நேரம் கிடைக்கும்.

இப்போது வேலை. தோய்த்த தூரிகையைக் கடுதாசியில் ஒற்றி, இனி இதில் ஒன்றும் இல்லை என்று தோன்றுகிற மட்டும் காயவிடுங்கள். பிறகு கோழி கொத்துகிற மாதிரி, புள்ளியின் நடுவில் ஒரு கொத்து, பொறுத்து இன்னொரு கொத்து. கோடு இழுக்கக் கூடாது, வட்டம் நிரப்பக் கூடாது. சுற்றியிருக்கும் நிறத்தைவிட வெளிறிய நிறத்தில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போங்கள். ஏற்றுவது எளிது, இறக்குவது கடினம். கூடிப்போனால் தண்ணீரில் ஒரு துளி அமோனியா விட்டுக் கழுவிப் பார்க்கலாம், கொஞ்சம் இறங்கும். முதலில் தலைமுடி, கோட்டு, கதிரையின் நிழல் என்று இருண்ட இடங்களில் இறங்குங்கள். அங்கே கொத்தக் கொத்தத் தூரிகையில் சாயம் குறையும். குறைந்ததைக் கொண்டு கன்னத்துக்கும் வானத்துக்கும் போகலாம். நீளமாகத் தலைமயிர் ஒன்று விழுந்திருந்தால் அதை ஒரு முனையிலிருந்து நிரப்பிக்கொண்டு போகாதீர்கள். இடையிடையே கொத்தித் துண்டாக்குங்கள். துண்டுபட்ட கோட்டைக் கண் கோடாகப் பார்க்காது. பாதி மயிரை அப்படியே விட்டாலும் பிழையில்லை.

பூதக்கண்ணாடியைத் தூர வையுங்கள். அதற்குள்ளால் பார்த்தால் தூசில்லாத இடமே தெரியாது. விடியும்வரை கொத்திக்கொண்டிருப்பீர்கள், கடைசியில் முகம் அம்மை கண்டு தேறியவர் முகமாகிவிடும். படத்தைக் கையெட்டும் தூரத்தில் பிடியுங்கள். அங்கே கண்ணுக்குப் படாத புள்ளி, சுவரில் மாட்டிய பிறகும் படாது.

கறுப்புப் புள்ளிக்கு இரண்டு வழி. நாரிழைத் தாள் என்றால் புது பிளேட்டின் மூலையால், பாரம் கொடுக்காமல், மேல்தோலைச் சுரண்டிச் சுரண்டி வெளிறவைக்கலாம். பிளாஸ்டிக் பூச்சுத் தாளில் இதைச் செய்தால் ஓட்டை விழும். ஓட்டைக்கு மருந்து புதுப் பிரிண்ட்தான். மற்றது பொட்டாசியம் ஃபெரிசயனைட். 1883-இல் ஹோவாட் ஃபாமர் என்பவர் அதை ஹைப்போவோடு சேர்த்து வெள்ளியைக் கரைக்கும் கலவையாக்கினார், இன்றுவரை அவர் பெயரிலேயே வழங்குகிறது. சயனைட் என்ற பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். கடும் அமிலம் சேர்க்காதவரை அது கொல்லாது. ஆனால் யுத்த காலத்தில் அந்தப் பெயர் ஒட்டிய போத்தலைப் பையில் வைத்துக்கொண்டு சோதனைச் சாவடி கடப்பதற்கு வேறு வகைத் துணிச்சல் வேண்டியிருந்தது. பிளேட்டோடு நின்றுகொண்டவர்கள் புத்திசாலிகள்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்ன விசயம். எது தூசு, எது ஆள் என்று தீர்மானிப்பதுதான் தொழில். இந்தக் கரையில் அது எளிதல்ல.

கல்முனைத் தெருவில் ஒருநாள் நின்று நெற்றிகளை மட்டும் பாருங்கள். தமிழ்ப் பெண்ணின் புருவத்துக்கிடையே ஒரு கறுப்பு வட்டம்: கறுப்பு வெள்ளைப் படத்தில் குங்குமம் அப்படித்தான் விழும். அதைக் காற்றுக் குமிழி என்று சுரண்டிவிட்டால், புருசன் உயிரோடு இருக்கும்போதே பொட்டை அழித்த பழி உங்களுக்கு. வயதான ஹாஜியாரின் நெற்றி நடுவே கறுத்த தழும்பு: அது ஆண்டாண்டாகத் தொழுது சம்பாதித்தது. முகத்தை அழகாக்கித் தருகிறேன் என்று அதை எடுத்துக் கொடுத்தால் அவர் படத்தை வாங்க மாட்டார், மகன்மாரையும் அனுப்ப மாட்டார். விபூதிக் குறி வெள்ளையாகத் திட்டுத்திட்டாக விழும், பார்த்தால் உப்புத் தண்ணீர் காய்ந்த கறையேதான். எங்கள் திருச்சிலுவைக் கோவிலில் விபூதிப் புதனன்று சாம்பல் பூசிக்கொண்டு நேரே படமெடுக்க வந்தவருக்கு அதே இடத்தில் சாம்பல் நிறச் சிலுவை. நாலு பேருக்கும் நெற்றியில் புள்ளி, நாலும் தூசல்ல.

எல்லாவற்றிலும் கொடியது மூக்குத்தி. கல் வைத்த மூக்குத்தியில் விளக்கு பட்டால் படத்தில் ஒரு சின்ன, கூரிய, பளீரென்ற வெள்ளைப் புள்ளி விழும். தூசுப் புள்ளிக்கும் அதற்கும் கண் வித்தியாசம் காணாது. புதிய கை முதல் நாளே அதை எடுத்துவிடும். நகை போட்டுக்கொண்டு படமெடுக்க வந்தவளின் நகையைச் சாயத்தால் களவெடுத்தாயிற்று. அடுத்தது கண்மணியில் நிற்கும் வெளிச்சப் பொட்டு. அதையும் எடுத்துவிட்டால் ஆள் மௌத்தான ஆளாகப் பார்ப்பார்.

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. அதே ஆளின் அடுத்த நெகடிவைப் பாருங்கள். தூசு இடம் மாறும், மச்சம் மாறாது. ஒரே நெகடிவ்தான் என்றால் அதை ஊதித் தட்டி இரண்டாவது பிரிண்ட் போடுங்கள். அசைந்தது தூசு, அசையாதது அநேகமாக ஆள்.

வாடிக்கையாளரிடமே கேட்டுவிடலாமே என்று நினைப்பீர்கள். கேளுங்கள். சம்பந்தம் பேசக் கொடுக்கிற படம் என்றால், "மகளுக்கு மச்சமா? இல்ல மனே, அது உங்கட மெஷின்ட ஊத்த," என்று உம்மா சொல்லுவா. மகள் பக்கத்தில் மச்சத்தோடு நின்றுகொண்டிருப்பாள். அடையாள அட்டைக்கு என்றால் நிலைமை தலைகீழ். 1972-இல் இந்த நாட்டில் தேசிய அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கியபோது, அதுவரை கமராவுக்கு முகம் காட்டாத எத்தனையோ பேர் முதல் தடவையாக ஸ்டூடியோ கதிரையில் இருந்தார்கள். தபால் முத்திரையைவிடச் சற்றுப் பெரிய அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தில் மச்சம் இருந்தே ஆக வேண்டும், தூசு இருக்கவே கூடாது என்றிருந்தது. பின்னாளில் சோதனைச் சாவடியில் நின்றவனுக்கு இரண்டுக்கும் பேதம் தெரியவில்லை.

அப்படியான படம் பல வீடுகளில் ஒன்றே ஒன்றுதான். ஆள் போன பிறகு அதைக் கொண்டுவந்து, பெருப்பித்துத் தரச் சொல்லுவார்கள். தபால் முத்திரையைச் சுவரளவு ஆக்கினால் முகத்தைவிடப் புள்ளிகளே கூட. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு இந்தக் கரையில் கடல் தொட்ட வீடுகளுக்குப் படங்களே மிஞ்சவில்லை. மிஞ்சியவை மணலோடு ஒட்டி, ஜெலட்டின் உரிந்து கிடந்தன. அந்தப் படங்களில் தூசு எது முகம் எது என்று பிரிப்பதற்கு மேலே சொன்ன சோதனை உதவாது, இரண்டாவது நெகடிவ் இல்லை. பக்கத்தில் மகனையோ தம்பியையோ இருத்தி, அவருடைய காதைப் பார்த்துத்தான் இல்லாதவருக்குக் காது போட வேண்டும்.

புள்ளி எடுப்பதில் அளவு தெரியாமல் போனவர்கள் பெரிய இடத்திலும் உண்டு. மூனிக் நகரத்துப் படப்பிடிப்பாளர் ஹான்ஃப்ஸ்டேங்ல் 1855-இல் பாரிஸ் கண்காட்சியில் டச்சிங் செய்த நெகடிவைக் காட்டி, முன்னும் பின்னுமாகப் படங்களை மாட்டியதாகச் சொல்வார்கள். முகச்சுருக்கத்துக்கு அன்றோடு கெட்ட காலம். அன்செல் அடம்ஸ் 1944-இல் கலிபோர்னியாவின் லோன் பைன் என்ற ஊரில் மலை விடியலை எடுத்தார். அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் குன்றின் மேல் வெள்ளைக் கற்களால் ஊர்ப் பெயரின் முதலெழுத்துகள் இரண்டைப் பெரிதாக அடுக்கியிருந்தார்கள். அடம்ஸ் அதை நெகடிவிலும், மிச்சத்தைப் பிரிண்டிலும் எடுத்துவிட்டார். ஒரு பள்ளிக்கூடத்தின் உழைப்பே தூசுக் கணக்கில் போயிற்று. ஸ்டாலினின் ஆட்கள் இன்னும் ஒரு படி மேலே. 1937-இல் மொஸ்கோ கால்வாய்க் கரையில் அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்ற இரகசியப் பொலிஸ் தலைவர் யெஷோவ், 1940-இல் சுடப்பட்ட பிறகு அந்தப் படத்திலிருந்தும் எடுக்கப்பட்டார். அவர் நின்ற இடத்தில் வெறும் தண்ணீர் ஓடுகிறது. தொழில் சுத்தம், குறை சொல்ல முடியாது.

கணினி வந்துவிட்டதே, இனி ஏன் தூரிகை என்று கேட்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஸ்கேனர்களில் தூசைத் தானாகவே கண்டுபிடிக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சும். கலர் பிலிமின் சாயங்கள் அதை விட்டுவிடும், தூசு மறிக்கும். மறித்த இடத்தை நிரப்பிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் பழைய கறுப்பு வெள்ளை நெகடிவில் படமே வெள்ளிதான். வெள்ளியும் கதிரை மறிக்கும். ஆகவே அந்த மெஷினின் கண்ணுக்கு வாப்பா முழுவதுமே தூசு.

கடைசியாகக் கூலி. நன்றாக எடுத்த புள்ளி கண்ணுக்குத் தெரியாது. பத்திருபது இடத்தில் வேலை செய்தேன் என்று சொன்னால் ஆள் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்க?" என்பார். காட்ட முடிந்தால் வேலை பிழை, காட்ட முடியாவிட்டால் காசு இல்லை. இதற்கு நான் கண்ட வழி, எல்லாப் புள்ளியையும் எடுத்துவிட்டு ஒன்றை மட்டும் விட்டுவைப்பது. கன்னத்திலோ சட்டைக் கொலரிலோ, வந்ததும் கண்ணில் குத்துகிற இடமாக இருக்கட்டும். ஆள் வந்ததும் கதிரையில் இருத்துங்கள். "அட, ஒரு புள்ளி கிடக்கே," என்று நீங்களே முந்திக்கொண்டு விளக்கைத் தாழ்த்தி, தூரிகையை ஒற்றி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவர் கண்ணெதிரே அதைக் கொத்தி மறையுங்கள். ஐந்து நிமிடம் எடுத்தால் நல்லது. அவர் மூக்கு மேசையில் முட்டக் குனிந்து பார்ப்பார். நிமிர்ந்து, சாரன் மடிப்பை அவிழ்த்துக் காசை எடுத்துக்கொண்டே சொல்லுவார்:

"மெய்தான் மனே, கைவேல எண்டா இதுதான். ஒரு புள்ளிக்கு எவ்வளவு?"